ஸ்காலர்ஷிப் கவுண்டரின் உள்பக்கத்திலிருந்து

மும்பையை அடுத்த அம்பர்நாத்தின் சிவன் கோவிலில் ஒரு கல்வெட்டு உண்டு. சக ஆண்டு 982 என்று அதில் தேதி பொறித்திருக்கிறது. கி.பி. 1060. ஷிலாஹார ராஜா மும்முனி காலம். கோவில் கட்டினவன் தேதியை மறக்காமல் கல்லில் வெட்டி வைத்துவிட்டான். அதே ஊரில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிற நம் வீடுகளில், தாத்தா எந்த வருஷம் திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கினார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

நான் கல்லூரி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பாதிக்கு மேற்பட்ட வருஷங்கள் ஸ்காலர்ஷிப் கவுண்டரில் போயின. எந்தக் கல்லூரி என்பது இப்போது வேண்டாம். அப்பா தீப்பெட்டிக் கம்பெனித் தொழிலாளி, நான் படித்தது ஃப்ரீஷிப்பில், அதாவது கட்டண விலக்கில். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் சொன்னதையே சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன், மக்கா. படித்துவிட்டு வா.

1. ரிசல்ட் வந்த பிறகு ஸ்காலர்ஷிப் தேடாதே. ஒன்பதாவதில் தொடங்கு. பணம் கொடுக்கத் திட்டங்கள் இருக்கின்றன, வாங்கக் காகிதம்தான் இல்லை. ஒவ்வொரு காகிதமும் வந்து சேர வாரங்கள் ஆகும், சிலது மாதங்கள். ஜூன் மாதம் தஹசில்தார் அலுவலகத்து வரிசையைப் போய்ப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

2. உன் பெயரை எடுத்து ஒரு மேஜைமேல் வை. ஆதார், பள்ளிக்கூட எல்.சி. (லீவிங் சர்டிஃபிகேட்), மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக், ரேஷன் கார்டு, அப்பாவின் ஆதார். இவற்றில் வரும் இடமெல்லாம் உன் பெயரும் அப்பா பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா?

இருக்காது. தமிழனுக்கு இனிஷியல். இந்த ஊருக்கு முதலில் குடும்பப் பெயர், பிறகு உன் பெயர், பிறகு அப்பா பெயர். ஊரில் 'சு. முருகன்' என்று இருந்தவர் இங்கே வந்ததும் ரேஷன் கார்டில் முருகன் சுப்பையா ஆகிறார், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது டீச்சர் கேட்டதற்குச் சாதிப் பெயரையோ ஊர்ப் பெயரையோ குடும்பப் பெயராகச் சொல்கிறார், பேங்கில் மறுபடியும் எஸ். முருகன். மூன்று ஆள்! கம்ப்யூட்டருக்கு இந்த மூன்று பேரும் உறவு என்று தெரியாது.

என் கவுண்டருக்கு ஒரு பெண் வந்தாள். மார்க் ஷீட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்தது, ஆதாரில் முதல் எழுத்து மட்டும். நான் ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். விதிப்படி சரிதான். ஆனால் எங்கே போய், எதைக் காட்டி, எப்படித் திருத்த வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். பின்னால் நாற்பது பேர் நின்றார்கள், சொல்லவில்லை. அவள் திரும்பி வரவேயில்லை. அடுத்த வருஷம் மேற்குப் பக்கம் ஒரு துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. எனக்கும்.

ஆகவே பள்ளியில் இருக்கும்போதே திருத்து. எல்.சி. என்பது பள்ளியின் ஜெனரல் ரெஜிஸ்டரிலிருந்து எடுத்து எழுதுவது. பத்தாவது போர்டு ஃபாரம் போவதற்கு முன்னால் ஹெட்மாஸ்டரைப் பார்த்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். வெளியே வந்தபின் அரசு கெசட் வரை அலைய வேண்டியிருக்கும். ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஏற்றபடி மாற்றுவது சுலபம், மார்க் ஷீட்டை ஆதாருக்கு ஏற்றபடி மாற்றுவது தலைவலி. எந்தப் பக்கத்திலிருந்து இழுப்பது என்று யோசித்துச் செய்.

அதே எல்.சி.யில் 'மாத்ருபாஷா' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் தமிழ் என்று எழுதியிருக்கிறதா பார். அவசரத்தில் மராத்தி, இந்தி என்று நிரப்பிவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தமிழ்ச் சிறுபான்மை அந்தஸ்து உள்ள கல்லூரிகளில் தாய்மொழி ஒதுக்கீட்டில் சீட் கேட்க அந்த ஒரு வார்த்தைதான் ஆதாரம். சீட்டுக்குத்தான் அது உதவும். கட்டணம் குறையும் என்று நினைத்துவிடாதே.

3. டொமிசைல், அதாவது இருப்பிடச் சான்றிதழ். மகாராஷ்டிர அரசுத் திட்டங்களுக்குப் பெரும்பாலும் இது வேண்டும். 15 வருஷம் தொடர்ந்து இந்த மாநிலத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். இங்கேதான் நம் வழக்கம் நம்மையே மடக்கும். தலைப்பிரசவம் தாய்வீட்டில். அதனால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நாங்குநேரியிலோ சங்கரன்கோவிலிலோ, அதுவும் தமிழில். பிறகு அம்மா வேலைக்குப் போக வேண்டும் என்று மூன்றாம் வகுப்பு வரை ஆச்சியிடம் விட்டு வைத்தது. 'பிறந்ததே மும்பையில்தான் சார்' என்று அப்பா அடித்துப் பேசுவார். காகிதம் வேறு பேசும்.

ஊரில் படித்திருந்தால் அங்கே வாங்கிய டி.சி.யைப் பத்திரமாக வை. இங்கே படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் போனஃபைட் வாங்கு. அப்பாவின் பழைய மின்சார பில், வாடகை ஒப்பந்தம், ரேஷன் கார்டில் உன் பெயர் ஏறிய தேதி, எல்லாம் வரிசையாக ஒரு ஃபைலில் இருக்கட்டும். தமிழில் உள்ளதற்கு மொழிபெயர்ப்புச் செய்து நோட்டரி வைத்துக்கொள்.

4. வருமானத் தாக்லா (சான்றிதழ்) ஒன்றுக்கு மேல் ஜாதி உண்டு. ஒரு வருஷத்துக்கு, மூன்று வருஷத்துக்கு. உனக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கும் சேது கேந்திரத்துக்குப் போ. ஓ.பி.சி. என்றால் நான்-க்ரீமி லேயருக்கு மூன்று வருஷக் கணக்குக் கேட்பார்கள். அம்மா டப்பா சமைத்துச் சம்பாதித்தால் அதையும் சேர்த்துத்தான் குடும்ப வருமானம். குறைத்து எழுதச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். பேங்க் ஸ்டேட்மென்டும் சேலரி ஸ்லிப்பும் வேறு கதை சொல்லும்போது மாட்டுவது நீதான், அவர்கள் இல்லை. அலுவலகத்தில் தலாட்டி (வருவாய்த் துறை அலுவலர்) இருக்கும் நாள் எது என்று கேட்டுவிட்டுப் போனால் அப்பாவுக்கு ஒரு நாள் சம்பளம் மிச்சம்.

5. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி, ஏனென்றால் இதில்தான் நம் வீடுகளில் அதிகம் ஏமாற்றம்.

தமிழ்நாட்டில் நீ எஸ்.சி.யாக இருக்கலாம், பி.சி., எம்.பி.சி.யாக இருக்கலாம். ரயிலேறி இந்தப் பக்கம் வந்ததும் அது கூடவே வராது. சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. உச்ச நீதிமன்றம் 1990-லும் 1994-லும் இதைத்தான் சொன்னது. 1994 வழக்கு மகாராஷ்டிரத்தில் வந்து குடியேறியவர்கள் சாதிச் சான்றிதழ் கேட்டதைப் பற்றியதே. 2018-ல் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதிப்படுத்தியது. அதனால் இங்கே சான்றிதழ் கேட்டால் இரண்டு கேள்வி வரும். உன் சாதி மகாராஷ்டிரப் பட்டியலில் இருக்கிறதா? குறிப்பிட்ட தேதிக்கு முன்பே உன் குடும்பம் இங்கே இருந்ததா? எஸ்.சி.க்கு அந்தத் தேதி 1950 ஆகஸ்ட் 10. ஓ.பி.சி.க்கு 1967 அக்டோபர் 13. விமுக்த, நாடோடி சாதிகளுக்கு 1961 நவம்பர் 21.

தாராவியில் தோல் ஷாப்புக்கு வந்த குடும்பங்களில் 1950-க்கு முன்னால் வந்தவர்கள் நிறையப் பேர். நிரூபிக்கத்தான் முடியாது. குடிசை எரிந்தது, வெள்ளம் வந்தது, இடித்துவிட்டு வேறு இடத்துக்கு மாற்றினார்கள், காகிதம் போயிற்று. இது நியாயமா என்று என்னைக் கேட்டால் இல்லை என்பேன். ஆனால் ஃபாரம் நியாயத்தைக் கேட்பதில்லை, தேதியைக் கேட்கிறது. அதனால் தாத்தாவின் பழைய நகராட்சிப் பள்ளி எல்.சி., மில் வேலைச் சீட்டு, ஆர்ட்னன்ஸ் ஃபாக்டரி சர்வீஸ் ரெக்கார்டு, பெரியப்பாவின் பிறப்புப் பதிவு, எதாவது எந்தச் சொந்தக்காரன் டிரங்குப் பெட்டியிலாவது கிடக்கிறதா என்று இந்த வருஷமே தேடு. ஒருவருக்குக் கிடைத்தால் அந்தப் பங்காளிக் குடும்பம் முழுவதற்கும் பயன்படும்.

சான்றிதழ் கிடைத்தாலும் வேலை முடியவில்லை. அதன்மேல் 'காஸ்ட் வேலிடிட்டி' என்று ஒன்று உண்டு. சரிபார்ப்புக் குழு விசாரித்துக் கொடுப்பது. இன்ஜினீயரிங், பார்மஸி போன்ற தொழிற்படிப்புக்கு அதில்லாமல் இட ஒதுக்கீட்டு சீட் நிற்காது. பதினொன்றாவதில் விண்ணப்பித்துவிடு. கிடைக்காது என்று தெரிந்தால் அதிலேயே வருஷங்களைக் கரைக்காமல் ஏழாவது எண்ணுக்கு வா. அங்கே இருக்கும் சிலவற்றுக்கு இந்தத் தேதியெல்லாம் தேவையே இல்லை.

6. எல்லா ஸ்காலர்ஷிப்பையும்விடப் பெரியது எய்டட் சீட். இதை யாரும் ஸ்காலர்ஷிப் என்று சொல்வதில்லை, அதனால் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ஒரே கல்லூரியில், ஒரே மாடியில், அரசு உதவி பெறும் பிரிவில் சாதா பி.காம்., பி.ஏ., பி.எஸ்ஸி. சில ஆயிரத்தில் முடியும். பக்கத்து அறையில் செல்ஃப் ஃபைனான்ஸ் கோர்ஸ், பெயர் கொஞ்சம் பளபளப்பாக இருக்கும், கட்டணம் பல மடங்கு. அதில் சேர்ந்துவிட்டு என்னிடம் வந்து 'அங்கிள், எதாவது ஸ்காலர்ஷிப்' என்றால் நான் என்ன செய்ய?

அம்பர்நாத்திலிருந்து ரயிலேறினால் உல்ஹாஸ்நகரில் சி.எச்.எம்., ஆர்.கே.டி., கல்யாணில் பிர்லா கல்லூரி. சயான் வரை போக முடிந்தால் 1932-ல் நம்மவர்கள் தொடங்கிய எஸ்.ஐ.இ.எஸ். சங்கத்தின் கல்லூரி. எங்கே போனாலும் 'இந்தக் கோர்ஸ் எய்டடா, அன்-எய்டடா?' என்று முதலில் கேள். பிராஸ்பெக்டஸில் சின்ன எழுத்தில் இருக்கும். ரயில் பாஸுக்குக் கல்லூரியில் கன்செஷன் ஃபாரம் வாங்க மறக்காதே. மூன்று வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் அதுவும் ஒரு ஸ்காலர்ஷிப்தான்.

7. இப்போது திட்டங்கள். எல்லாவற்றையும் அடுக்க மாட்டேன். நம் பிள்ளைகள் தவறவிடுபவை மட்டும்.

பன்னிரண்டாவதில் நல்ல மார்க் எடுத்தவனுக்கு மத்திய அரசின் சென்ட்ரல் செக்டர் ஸ்காலர்ஷிப். உன் போர்டில், உன் பிரிவில் மேல் 20 சதவீதத்துக்குள் வர வேண்டும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ரெகுலர் டிகிரியில் சேர்ந்திருக்க வேண்டும். டிகிரி மூன்று வருஷமும் வருஷத்துக்கு 12,000 ரூபாய், எம்.ஏ., எம்.எஸ்ஸி. போனால் 20,000. நாடு முழுக்க வருஷத்துக்கு 82,000 பேருக்கு, அதில் பாதி பெண்களுக்கு. எந்தப் போர்டில் பாஸானாய் என்பதுதான் இதில் கணக்கு. தாத்தா எப்போது வந்தார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஓபன் கேட்டகரியில் தள்ளப்பட்ட தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. ஆனாலும் என் கவுண்டரில் இதைக் கேட்டு வந்த நம் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் ஓ.டி.ஆர். (ஒருமுறைப் பதிவு எண்) எடுத்து விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க 50 சதவீத மார்க், 75 சதவீத வருகை.

பெண் பிள்ளை டிப்ளமோவிலோ இன்ஜினீயரிங்கிலோ சேர்ந்தால் ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி. வருஷத்துக்கு 50,000. வருமான வரம்பு 8 லட்சம். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். அக்கா வாங்குகிறாள், தங்கைக்குக் கிடைக்காது என்று விட்டுவிட்ட வீடு எனக்குத் தெரியும்.

மகாராஷ்டிர அரசில், ஓபன் பிரிவுக்கு ராஜர்ஷி ஷாஹு மகாராஜ் பெயரில் உள்ளது. எல்லாரும் ஈ.பி.சி. என்பார்கள். 8 லட்சத்துக்குள் வருமானம், டொமிசைல், குடும்பத்தில் முதல் இரண்டு பிள்ளைகள். டியூஷன் கட்டணத்தில் பாதி. உன் கோர்ஸ் அதன் பட்டியலில் இருக்கிறதா என்பதைச் சேருவதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் கேள், சேர்ந்த பிறகு கேட்காதே. 2024 ஜூலையில் இன்னொரு அரசாணை வந்தது. ஓ.பி.சி., எஸ்.இ.பி.சி., இ.டபிள்யூ.எஸ். சான்றிதழ் உள்ள பெண்களுக்கு, 8 லட்சம் வரம்புக்குள், தொழிற்படிப்பில் டியூஷனும் பரீட்சைக் கட்டணமும் முழுதாக அரசே கட்டும். கேப் ரவுண்டில், அதாவது அரசின் மையச் சேர்க்கையில், சேர்ந்திருக்க வேண்டும். 'நேரடியாக சீட் வாங்கித் தருகிறேன்' என்று மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிட்டால் இது போச்சு.

எஸ்.சி. சான்றிதழும் 2.5 லட்சத்துக்குள் வருமானமும் இருந்தால் மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக். அதைவிட வருமானம் கூடினால் ஃப்ரீஷிப் என்று தனியாக உண்டு. இரண்டையும் குழப்பாதே.

வீட்டில் எட்டாவது படிக்கும் தம்பி தங்கை, அரசு, நகராட்சி அல்லது எய்டட் பள்ளியில் இருந்தால், என்.எம்.எம்.எஸ். பரீட்சை எழுதச் சொல். தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை வருஷத்துக்கு 12,000. வருமான வரம்பு 3.5 லட்சம். பத்தாவதில் 60 சதவீதம் எடுக்காவிட்டால் நின்றுவிடும்.

ஊரிலிருந்து சித்தி போன் பண்ணி, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் தருகிறார்களே, உனக்கு இல்லையா என்பார். அது ஆறாவதிலிருந்து தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்தவர்களுக்கு. நமக்கில்லை. சித்தியிடம் கோபப்படாதே.

8. மாநில அரசு ஸ்காலர்ஷிப்களுக்கான மஹாடிபிடி போர்ட்டலில் ஃபாரம் போட்டுவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. போட்ட ஃபாரம் கல்லூரி லாகினில் கிடக்கும். கிளார்க் பார்க்க வேண்டும், பிரின்சிபால் லாகின் போக வேண்டும், பிறகு துறை. நடுவில் ஒரு காகிதம் மங்கலாக இருந்தால் உனக்கே திருப்பி அனுப்புவார்கள். அது எஸ்.எம்.எஸ்.ஸில் வரும், நீ புது சிம் போட்டிருப்பாய். வாரம் ஒருமுறை லாகின் செய்து பார். பாஸ்வேர்டைச் சைபர் கஃபேக்காரன் டைரியில் விட்டுவிடாதே. என் காலத்தில் பணம் சாங்ஷன் ஆன பிறகும் வவுச்சரை ரிடீம் செய்யாமல் விட்ட பிள்ளைகள் இருந்தார்கள். அத்தனை தூரம் ஓடி வந்து கோட்டுக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி.

கவுண்டரில் இருக்கும் கிளார்க்கிடம் மராத்தியில் பேசு. தப்பாகவாவது பேசு. முகம் மாறுவதை நீயே பார்ப்பாய்.

9. பேங்க் கணக்கு உன் பெயரில், ஆதாரோடு இணைந்து, உயிரோடு இருக்க வேண்டும். இணைப்பது என்றால் பாஸ்புக்கில் நம்பர் எழுதுவது இல்லை, அரசு நேரடியாகப் பணம் போடும் டி.பி.டி.க்கு அந்தக் கணக்குதான் என்று பேங்க் பதிந்திருக்க வேண்டும். ஊரில் ஆச்சி திறந்த கணக்கோடு இணைந்திருந்தால் பணம் அங்கே போய் விழும்.

விழுந்த பணத்தில் டியூஷன் பங்கு உன்னுடையதில்லை, கல்லூரியுடையது. ஒரு வீட்டில் அது வந்த வாரமே அடகு வைத்த சங்கிலியை மீட்டுவிட்டார்கள். கல்லூரி ஹால் டிக்கெட்டை நிறுத்தியது. அப்பாவும் அம்மாவும் என்னெதிரில் சண்டை போட்டார்கள். சங்கிலியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அதையும் கட்டணத்துக்காகத்தான் அடகு வைத்திருந்தார்கள்.

10. பணம் தாமதமாக வரும். அதே வருஷத்தில் வந்தால் அதிர்ஷ்டம். அந்த இடைவெளிக்குத்தான் தமிழ்ச் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள், சாதிச் சங்கங்கள், கோவில் கமிட்டி, சர்ச், பெரிய கம்பெனிகளின் அறக்கட்டளைகள். ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் முதல் வருஷ டிகிரிப் பிள்ளைகளுக்குப் படிப்பு முடிய மொத்தம் 2 லட்சம் வரை கொடுக்கிறது, ஒரு திறன் பரீட்சை உண்டு. சங்கங்கள் ஜூன், ஜூலையில் நோட்டுப் புத்தகமும் பரிசுத் தொகையும் கொடுப்பார்கள். மேடையில் சால்வை, போட்டோ எல்லாம் இருக்கும், பொறுத்துக்கொள். ஆனால் அந்தக் கூட்டம் முடிந்தபிறகு செயலாளரைத் தனியாகப் பார்த்து ஒரு கடிதம் கொடு.

கடிதம் ஒரு பக்கம் போதும். அழாதே, புகழாதே. கட்டணம் எவ்வளவு, கையில் எவ்வளவு, அரசிடம் எதற்கு விண்ணப்பித்திருக்கிறாய், குறைவது எவ்வளவு, கடைசித் தேதி எது. பின்னால் மார்க் ஷீட்டும் கல்லூரி கொடுத்த கட்டண விவரமும். 'உதவி செய்யுங்கள்' என்பதைவிட '6,400 ரூபாய் குறைகிறது' என்பதைப் படித்துக் கை பைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். பணமாகத் தர வேண்டாம், கல்லூரி பெயரில் செக் கொடுங்கள் என்று நீயே சொல். அடுத்த வருஷமும் உன்னை நம்புவார்கள். கல்லூரியிலேயே ஏழை மாணவர் நிதி இருக்கும், தவணை முறை இருக்கும். நோட்டீஸ் போர்டில் தேடாதே. பிரின்சிபாலுக்கு எழுதிக் கேள்.

கேட்க வெட்கமாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அம்பேத்கர் இதே மும்பையில் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1912-ல் பி.ஏ. முடித்தது பரோடா மகாராஜா கொடுத்த மாசம் 25 ரூபாயில். அடுத்த வருஷம் அமெரிக்கா போனதும் அதே மகாராஜாவின் பணத்தில், மாசம் பதினொன்றரை பவுண்ட். திரும்பி வந்து பரோடாவில் பத்து வருஷம் வேலை செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் 1944-ல் தொடங்கியபோது அவர் வைஸ்ராய் கவுன்சிலில் உறுப்பினர். வாங்கிப் படித்தவர் வாங்கிக் கொடுத்தார். நம் அண்டை மாநிலத்துக் கே.ஆர். நாராயணன் லண்டன் போனது டாடா ஸ்காலர்ஷிப்பில், பிறகு ராஷ்டிரபதி பவனில் உட்கார்ந்தார்.

11. 'இவ்வளவு கொடு, ஸ்காலர்ஷிப் சாங்ஷன் பண்ணித் தருகிறேன்' என்பவனிடம் ஒரிஜினல் எதையும் கொடுக்காதே. ஓ.டி.பி.யும் சொல்லாதே.

12. கடன் கடைசி. 4 லட்சம் வரை எஜுகேஷன் லோனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது பேங்குகளின் மாதிரித் திட்டம். கிளையில் வேறு மாதிரிச் சொன்னால் மண்டல அலுவலகத்துக்கு எழுது. ஆனால் அதற்கு முன் யோசி. மூன்று வருஷ டிகிரிதான் படிப்பு என்று யார் சொன்னது? அம்பர்நாத்திலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. முடித்தால் 1961 அப்ரன்டிஸ் சட்டத்தில் உதவித்தொகையோடு பயிற்சி கிடைக்கும், சம்பாதித்துக்கொண்டே நாசிக் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிகிரி எழுதலாம். என் தம்பி அப்படித்தான் ஃபிட்டராகத் தொடங்கினான். நான் கிளார்க்காக ஓய்வு பெற்றபோது அவன் என்னைவிட அதிகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான். வீட்டில் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

13. இத்தனையும் படித்துவிட்டும் குழப்பமாக இருந்தால் ஞாயிறு பத்து மணிக்கு மேல் வா. அப்பாவையோ அம்மாவையோ கூட்டி வா, இருவரில் யாருக்குப் பழைய கதை நன்றாகத் தெரியுமோ அவரை. ஆச்சி உயிரோடு இருந்தால் அவரை வீடியோ காலில் வைத்துக்கொள். தாத்தா எந்த வருஷம் வந்தார், முதலில் எங்கே குடியிருந்தார், எந்த மேஸ்திரியிடம் வேலை செய்தார் என்று அவரிடம்தான் இருக்கும். ஒரிஜினல் ஒரு கவரில், மூன்று செட் ஜெராக்ஸ் இன்னொன்றில். ரேஷன் கார்டுக்கு முன்பக்கம் மட்டும் எடுத்து வருகிறார்கள் எல்லாரும். பின்பக்கத்தில்தான் உன் பெயர் ஏறிய தேதி இருக்கிறது, அதையும் எடுத்து வா.